சாணம் யாருடையது?

2021 ஜூன் மாதம் சத்தீஸ்கர் மாநிலம் கோர்பா மாவட்டத்தின் துரேனா கிராமத்தில் ஒரு திருட்டு நடந்தது. களவு போன பொருள் 800 கிலோ சாணம். அதன் மதிப்பு 1,600 ரூபாய். காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. நாளேடுகள் அதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. சமூக ஊடகங்கள் சில நாள் சிரித்து மறந்தன.

சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஜூலை 20 அன்று, அம்மாநில அரசு ‘கோதன் நியாய் யோஜனா’ என்னும் திட்டத்தைத் தொடங்கிக் கிலோ 2 ரூபாய்க்குச் சாணத்தைக் கொள்முதல் செய்யலாயிற்று. விலை வந்தது, விலையைத் தொடர்ந்து காவல் வந்தது, காவலைத் தொடர்ந்து களவும் வந்தது. கழிவை யாரும் திருடுவதில்லை. திருடப்படுகிறது என்றால் அது ஒருவருடைய உடைமை என்று பொருள்.

ஆனால், ஊர்ப்புறங்களில் உயிரி எரிவாயுவையும் உயிரித்திரளையும் கொண்டு சிறிய அளவில் மின்சாரம் ஆக்குவது பற்றிய இந்திய ஆவணங்கள் ஏறத்தாழ அனைத்தும் ‘கழிவு’ என்னும் சொல்லில்தான் தொடங்குகின்றன. 2018இல் ஒன்றிய அரசு அறிவித்த திட்டத்தின் பெயர் ‘கோபர்தன்’. ‘கோபர்’ என்றால் சாணம், ‘தன்’ என்றால் செல்வம். பெயரிலேயே சாணத்தைச் செல்வம் என்று ஒப்புக்கொண்ட அத்திட்டத்தின்கீழ் 500 புதிய ஆலைகள் அமையும் என்று 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை கூறியபோது, அவற்றை ‘கழிவிலிருந்து செல்வம்’ ஆக்கும் ஆலைகள் என்றே குறிப்பிட்டது. ஆக, சாணம் ஆலைக்குள் நுழைந்த பிறகுதான் செல்வம், அதுவரை கழிவு. அதுவரை அது யாருடைய கையில் என்னவாக இருந்தது என்னும் கேள்வி இந்தப் பெயரிடலில் மறைந்துபோகிறது.

இந்தியாவில் சிற்றளவு உயிரி மின்னாக்கம் மீண்டும் மீண்டும் இடறியதற்குப் பொறியின் குறைகளைக் காட்டிலும் இந்த மறைப்பே பெரிய காரணம். எரிபொருள் இலவசமாகக் கிடக்கிறது என்று கணக்குப் போட்ட திட்டங்கள் தளர்ந்தன. எரிபொருளுக்கு ஏற்கெனவே ஓர் உடைமையாளரும் ஒரு பயனும் உண்டு என்று ஏற்றுக்கொண்டு தொடங்கியவை தாக்குப்பிடித்தன.

முதலில் ஊர்மக்களின் சொற்களைப் பார்க்கலாம். தமிழில் மாட்டின் சாணம் காய்ந்து எரிபொருளானால் வறட்டி. குப்பைக்குழியில் மட்கினால் எரு. தண்ணீரில் கரைத்து வாசலில் தெளித்தால் சாணிப்பால். இந்தியில் காய்ந்த சாணத்தட்டுக்கு உப்லா, கண்டா என்று பெயர்கள் உண்டு, போஜ்புரியில் கோய்ட்டா, கன்னடத்தில் பெரணி. பொருள் ஒன்று, பயனுக்குப் பயன் பெயர் வேறு. நெல்லின் மேலுறைக்கும் அப்படியே: உமி அடுப்பெரிக்கும், செங்கல் சூளைக்கும், சுவர்ப்பூச்சு மண்ணில் கலக்கவும் பயன்பட்டது, கருகினால் பல் துலக்கும் உமிக்கரி ஆயிற்று. இச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு பயன்பாட்டை, அதன் வழியே ஒருவருடைய உழைப்பைச் சுட்டுகின்றன. இவற்றுள் எதற்கும் ‘வேண்டாதது’ என்று பொருளில்லை. திட்ட ஆவணம் இவை அனைத்தையும் ‘வேளாண் கழிவு’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கும்போது நிகழ்வது வெறும் மொழிச் சுருக்கம் மட்டுமன்று. உடைமை மாற்றமும் நிகழ்கிறது.

இனி, செயல்முறையும் அளவுகளும். சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்துக் காற்றுப்புகாத தொட்டியில் விட்டால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து மீத்தேனும் கரியமில வாயுவும் கலந்த வாயுவை வெளியிடுகின்றன. அதில் மீத்தேன் பாதிக்குச் சற்று மேல். ஒரு கிலோ புதிய சாணம் ஏறத்தாழ 0.035 கன மீட்டர் வாயு தரும். ஒரு கன மீட்டர் வாயுவைச் சிறிய எஞ்சினில் எரித்தால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஆக, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 18 முதல் 20 கிலோ சாணம் வேண்டும். நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் இடும் மாடுகள் இரண்டின் ஒருநாள் சாணம் முழுவதும், சிந்தாமல் சிதறாமல் தொட்டிக்கு வந்துசேர்ந்தால், ஒரு யூனிட். பகல் முழுதும் மேயப் போகும் மாடு பாதிச் சாணத்தை வழியிலும் புல்வெளியிலும் விட்டுவிட்டே வீடு திரும்பும்.

கிலோ 2 ரூபாய் என்று விலை வைத்தால் அந்த ஒரு யூனிட்டுக்கு எரிபொருட்செலவு மட்டும் 36 முதல் 40 ரூபாய். எஞ்சின், தொட்டி, ஆள்கூலி எல்லாம் இதற்கு மேல். எந்தக் கிராமமும் அந்த விலைக்கு மின்சாரம் வாங்காது. திட்ட அறிக்கைகள் சாணத்தைக் ‘கழிவு’ என்று அழைக்க விரும்புவதன் பொருளியல் காரணம் இங்கே தெளிவாகிறது. கழிவு என்றால் விலை பூஜ்யம். விலை பூஜ்யம் என்றால் அறிக்கையில் மின்சாரம் மலிவு. அறிக்கை நிறைவேறுகிறது, ஆலை நிறைவேறுவதில்லை.

அப்படியானால் சாணத்திலிருந்து மின்சாரம் என்பதே இயலாத ஒன்றா? இயலும் என்பதற்குக் கர்நாடகத்தில் ஓர் ஊர் சான்றாக நிற்கிறது.

துமகூரு மாவட்டம் குணிகல் வட்டத்தில் உள்ளது புரா என்னும் சிற்றூர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் அமுல்ய குமார் என். ரெட்டி முன்னெடுத்துத் தொடங்கிய ‘அஸ்த்ரா’ என்னும் ஊரகத் தொழில்நுட்ப மையத்தின் ஆய்வாளர்கள் அங்கே சமூக எரிவாயுக் கலனை அமைத்தார்கள். முதற் கட்டத்தில் அவர்கள் கண்ட கனவு சமையல் எரிவாயு. விறகுப் புகையிலிருந்து பெண்களை விடுவிப்பது உயர்ந்த நோக்கம்தான். ஆனால் ஊரின் மாடுகள் தந்த சாணம், எல்லா வீட்டு அடுப்புக்கும் போதிய வாயுவைத் தரவில்லை. விறகு காசில்லாமல் பொறுக்கக் கிடைத்ததால் ஊரார் அதை அவசரத் தேவையாகக் கருதவும் இல்லை. முதல் முயற்சி தோற்றது.

தோல்வியை மறைக்காமல் ஆராய்ந்தது அக்குழுவின் சிறப்பு. ஊருக்கு உண்மையில் வேண்டியது எது என்று கேட்டபோது, தூய குடிநீர் என்னும் விடை வந்தது. 1987 செப்டம்பரில் திட்டம் புதிய உருவில் தொடங்கியது. வாயு அடுப்புக்குப் போகாமல் எஞ்சினுக்குப் போயிற்று. டீசலும் வாயுவும் கலந்து ஓடும் 7 குதிரைத்திறன் எஞ்சின், 5 கிலோவோல்ட் ஆம்பியர் ஜெனரேட்டர். அந்த மின்சாரம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரை ஏற்றி வீட்டுக் குழாய்களுக்கு அனுப்பியது. மாலையில் குழல்விளக்குகளை எரித்தது. 1990களின் தொடக்கத்தில் 87 வீடுகளும் சுமார் 460 மக்களும் 250 அளவில் மாடுகளும் இருந்த ஊர் அது. கலன்கள் நாளொன்றுக்கு 1.25 டன் சாணம்வரை செரித்து 42.5 கன மீட்டர் வாயு தரக்கூடியவை. ஊர் இளைஞர்களே இயக்குநர்கள்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் எஞ்சினில் இல்லை, எடைத்தராசில் இருந்தது. காலையில் பெண்களும் சிறுவர்களும் கூடையில் கொண்டுவரும் சாணம் எடைபோட்டுக் குறிக்கப்பட்டது. கொண்டுவந்த உழைப்புக்குக் கிலோவுக்கு 2 பைசா கூலி. செரித்து முடிந்த கசடு, கொடுத்த அளவுக்கு ஏற்ப அவரவர் வீட்டுக்கே எருவாகத் திரும்பியது.

ஊன்றிப் பார்த்தால் விளங்கும்: புரா சாணத்தை விலைக்கு வாங்கவில்லை, இலவசமாகப் பறிக்கவும் இல்லை. கடனாகப் பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுத்தது. வேதியியலும் அதற்கு இடம் தருகிறது. எரிவாயுக் கலன் சாணத்திலிருந்து எடுத்துக்கொள்வது பெரும்பாலும் கரிமத்தை. உழவருக்கு வேண்டிய நைட்ரஜன் கசடிலேயே தங்கிவிடுகிறது. வறட்டியாக எரித்தால் அந்த நைட்ரஜனும் புகையோடு போய்விடும். எருவைத் திரும்பப் பெற்ற வீட்டுக்கு இழப்பில்லை. கூடையைச் சுமந்த கைக்குக் கூலி. ஊருக்கு நீரும் விளக்கும். ஒரு யூனிட்டுக்கு 20 கிலோ சாணம் என்றே வைத்தாலும், அதற்கான கூலி அன்றைய காசில் 40 பைசா. கணக்கு நிற்கிறது. சாணத்துக்கு விலை இல்லை என்று பொய் சொன்னதால் நிற்கவில்லை. சாணத்தின் மதிப்பு உடையவரிடமே திரும்பியதால் நிற்கிறது.

இதில் ரெட்டி ஒரு கோட்பாட்டையும் கண்டார். 1968இல் காரெட் ஹார்டின் எழுதிய ‘பொதுவளத்தின் அவலம்’ புகழ்பெற்றது. ஒவ்வொருவரும் தன் நலம் கருதிப் பொதுமேய்ச்சலில் இன்னொரு மாட்டை விட, முடிவில் மேய்ச்சலே அழியும் என்பது அவர் வாதம். புராவிலோ, சாணம் கொடாமல் ஒதுங்குபவருக்குக் குழாய்நீர் போய்விடும். ஒதுங்குவதால் வரும் ஆதாயத்தைவிட இழப்பு பெரிது. தன் நலமும் பொது நலமும் அங்கே ஒரே திசையில் இழுத்தன. இதை அவர் பொதுவளத்தின் வரம் என்று அழைத்தார். புராவின் கலன்களும் பல ஆண்டுகள் ஓடிப் பின்னர் நின்றன. எந்த ஏற்பாடும் நிலையானது அன்று. எனினும், அது ஓடிய ஆண்டுகளில் எது அதைத் தாங்கியது என்பது ஐயமில்லாமல் பதிவாகியிருக்கிறது.

சத்தீஸ்கரின் திட்டமும் ஒரு வகையில் இதையே உறுதிப்படுத்துகிறது. அங்கே வாங்கிய சாணத்தின் பெரும்பகுதி மண்புழு உரமாகிக் கிலோ 10 ரூபாய்க்கு விற்கப்பட்டது. 2021 அக்டோபர் 2 முதல் சில இடங்களில் சாணத்திலிருந்து மின்னாக்கமும் தொடங்கியது. ஆனால் விலைகொடுத்து வாங்கிய சாணத்தை மின்சாரத்துக்காக மட்டும் செலவிட முடியாது. அதன் மதிப்பு எருவில்தான் பெரும்பாலும் இருக்கிறது. மின்சாரம் அம்மதிப்பின் மேல் கிடைக்கும் சிறு உபரி.

உயிரித்திரளின் கதை இன்னும் கூர்மையானது. பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்துத் தம்குஹா கிராமத்தில் 2007 ஆகஸ்ட் 15 அன்று, உமியிலிருந்து மின்சாரம் தரும் நிலையத்தை ‘ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ்’ நிறுவனம் தொடங்கியது. கேசிஃபையர் என்னும் கலனுக்குள் உமியைக் குறைந்த காற்றில் கருக்கினால், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயு வரும். அதைக் குளிர்வித்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் விட வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 50 கிலோ உமிக்கு 32 கிலோவாட் மின்திறன். மூங்கில் கம்பங்களில் கம்பி இழுத்து, மாலை வேளைகளில் வீடுகளுக்கு விளக்கும் செல்பேசிக்கு மின்னேற்றமும் தந்தார்கள். மின்வாரியக் கம்பி எட்டாத, எட்டியும் மின்சாரம் எட்டாத ஊர்களில் அது சிறிய செய்தி அன்று. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் ஊரகப் பகுதிகளில் உற்பத்தி செய்து வழங்குவோருக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்திருந்ததும் உதவிற்று.

உமியிலும் அதே கேள்வி எழுந்தது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அரவை ஆலையின் மூலையில் மலைபோல் குவிந்து கிடக்கும்போது அது யாருக்கும் வேண்டாதது போலத் தோன்றும். நாள்தோறும் ஒருவர் வந்து மூட்டைகட்டி எடுத்துப்போகத் தொடங்கினால் ஆலைக்காரர் விலை சொல்வார். செங்கல் சூளையும் கொதிகலனும் அதே உமியைத் தேடும்போது விலை மேலும் ஏறும். வாங்குபவர் இல்லாத நிலையில் எழுதிய விலையை, வாங்குபவர் வந்தபிறகும் எதிர்பார்ப்பது முதல் கணக்கின் பிழை. இதனுடன் தார் என்னும் கரும்பிசின் எஞ்சினில் படிவதும், வாயுவைக் கழுவிய அழுக்குநீரை எங்கே விடுவது என்பதும், நாள்தோறும் துப்புரவு செய்யத் தேர்ந்த ஆள் வேண்டும் என்பதும் சேர்ந்தன. சூரிய மின்பலகைகளின் விலை சரிந்தபோது இத்துறை அந்தப் பக்கம் சாய்ந்தது. தம்குஹாவில் உமியோடு தொடங்கிய நிறுவனமும் சூரிய ஆற்றலைச் சேர்த்துக்கொண்டது. வெயிலுக்கு உடைமையாளர் இல்லை. அதன் உண்மையான வெற்றி அதுவே.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். 2005இல் தொடங்கிய ராஜீவ் காந்தி ஊரக மின்மயமாக்கத் திட்டம், 2017இல் தொடங்கிய சௌபாக்கியா ஆகியவற்றுக்குப் பின், 2018 ஏப்ரலில் மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு எல்லா ஊர்களும் மின்மயமாகிவிட்டதாக அறிவிக்கப்பட்டாயிற்று. கம்பி வந்தபின் ஊருக்குள் சாணக் கலனும் உமிக் கலனும் எதற்கு? கேள்வி நியாயமானது. வீட்டு விளக்குக்காக மட்டும் இனி இவற்றை நிறுவுவது பொருந்தாது. ஆனால் கம்பி வந்தது வேறு, மாலை ஏழு மணிக்கு மின்சாரம் வருவது வேறு. சூரியன் மறைந்தபின் மின்கலம் இல்லாமல் வேண்டிய நேரத்தில் ஓடக்கூடியது உயிரி எரிவாயு. அந்த இடம் அதற்கு இன்னும் இருக்கிறது.

எனவே கேள்வி ‘வேண்டுமா, வேண்டாமா’ என்பதிலிருந்து ‘எங்கே’ என்பதற்கு மாற வேண்டும். எரிபொருளின் உடைமையாளரும் மின்சாரத்தின் பயனாளரும் ஒருவரே ஆகும் இடங்களில் இது நிற்கும். நூறு மாடுள்ள பால்பண்ணை தன் சாணத்தால் தன் கறவை எந்திரத்தையும் குளிர்கலனையும் ஓட்டலாம். கசடு தன் தீவனப்புல்லுக்கே போகும். அரிசி ஆலை தன் உமியால் தன் எந்திரத்தை ஓட்டலாம். அங்கே விலைபேச இரண்டாம் ஆள் இல்லை.

கழிவு என்னும் சொல் உண்மையிலேயே பொருந்தும் இடங்களிலும் இது நிற்கும். மீன் சந்தையின் செதிலும் குடலும், காய்கறிச் சந்தையின் அழுகல், விடுதிச் சமையலறையின் எச்சில் சோறு ஆகியவற்றைத் தன்னுடையது என்று உரிமை கோரப் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. அகற்றுவதற்கே பணம் கொடுக்கிறார்கள். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பயோடெக்’ அமைப்பு வீட்டு உணவுக்கழிவுக் கலன்களோடு, உள்ளாட்சிச் சந்தைகளின் கழிவிலிருந்து அச்சந்தைக்கே விளக்கெரிக்கும் சிறு மின்னாக்கக் கலன்களையும் அமைத்து 2007இல் ஆஷ்டன் விருது பெற்றது. 1897இல் மும்பை மாதுங்காவின் தொழுநோயாளர் இல்லத்தில், மனிதக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்தபோது தொடங்கிய மரபு இது. அங்கேயும் மூலப்பொருளுக்கு வேறு உரிமையாளர் இருக்கவில்லை.

சிக்கல், உரிமையாளர் இருந்தும் அவர் எளியவராக இருக்கும் இடங்களில்தான். மாடும் நிலமும் இல்லாத பெண்கள் மேய்ச்சல் நிலத்திலும் பாதையிலும் கிடக்கும் சாணத்தைப் பொறுக்கி வறட்டி தட்டுகிறார்கள். அது அவர்களுடைய அடுப்பு, சில வேளை அவர்களுடைய வருமானம். அந்தச் சாணத்தின் மீது பட்டா கிடையாது, வழக்கம் மட்டுமே உண்டு. அதற்கு ஆலை விலை வைத்த மறுநாள், மாட்டுக்காரர் பொறுக்காதே என்பார். 1981–82இல் தொடங்கிய தேசிய எரிவாயு வளர்ச்சித் திட்டத்தின் வீட்டுக் கலன்களும் மாடும் இடமும் உள்ளவர்களுக்கே எட்டின என்பதை நினைவிற்கொண்டால், இது புதிய அநீதி அன்று, பழைய அநீதியின் அடுத்த படி. இந்தப் பெண்ணின் இழப்பு எந்தத் திட்ட அறிக்கையின் செலவுப் பட்டியலிலும் வராது. கழிவுக்கு உரியவர் இல்லை என்று முதல் வரியிலேயே முடிவாகிவிட்டது அல்லவா?

உழைப்பின் கணக்கும் அப்படித்தான் மறைகிறது. 1.25 டன் சாணத்துக்கு ஏறத்தாழ அதே எடைத் தண்ணீர் வேண்டும். சாணத்தை அள்ளுவதும் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள். தண்ணீரும் அவர்கள் தலையில் ஏறினால், பெண்களின் சுமையைக் குறைக்க வந்த கலன் அவர்கள் சுமையால் ஓடும் கலனாகிவிடும். புரா அந்த உழைப்புக்குப் பெயரிட்டது, எடைபோட்டது, கூலி கொடுத்தது. தொகை சிறிது, ஆனால் அது பதிவேட்டில் ஏறிய தொகை.

ஆகவே மாற்றம் வேண்டிய இடம் தெளிவு. மானியம் கேட்டு வரும் ஒவ்வொரு சிற்றளவு உயிரி மின்திட்டத்திலும், இயந்திரத்தின் திறனுக்கு முன்பாக மூன்று கேள்விகளுக்கு விடை எழுதப்பட வேண்டும். இந்தப் பொருள் இன்று யார் கையில் இருக்கிறது? அது இன்று எதற்குப் பயன்படுகிறது? ஆலையிலிருந்து அவருக்கு எது திரும்பிப் போகும்? மூன்றாவது கேள்விக்கு விடையில்லாத திட்டத்துக்குப் பொதுப்பணம் போகக் கூடாது. கசடு திரும்பும் ஏற்பாடு, தராசு, பதிவேடு, சுமப்பவர் கூலி ஆகியவை தொட்டியையும் எஞ்சினையும் போலவே திட்டத்தின் உறுப்புகளாகக் கருதப்பட வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. எரிசக்தி ஆய்வுகளில் ‘கிடைக்கக்கூடிய உயிரித்திரள்’ என்னும் அட்டவணை வழக்கமானது. மாடுகளின் எண்ணிக்கையைச் சாண அளவால் பெருக்கி, விளைச்சலை வைக்கோல் விகிதத்தால் பெருக்கி, மாவட்டவாரியாக மெகாவாட் எழுதப்படுகிறது. அந்தப் பெருக்கலில் வைக்கோலைத் தின்னும் மாடு, கூரைவேயும் வீடு, எருக்குழி, வறட்டிச் சுவர் எதுவும் இல்லை. களத்துக்குச் சென்று அந்தப் பொருளுக்கு அவ்வூரார் என்னென்ன பெயர்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினாலே அட்டவணை பாதியாகக் குறைந்துவிடும். எஞ்சிய பாதி உண்மையானதாக இருக்கும். அதன்மேல் கட்டும் ஆலை நிற்கும்.

துரேனா கிராமத்தில் களவு போன 800 கிலோ சாணத்திலிருந்து, மேற்சொன்ன கணக்கின்படி, ஏறத்தாழ 40 யூனிட் மின்சாரம் கிடைத்திருக்கும். அதன் கசடு பல வயல்களுக்கு எருவாகியிருக்கும். அது காணாமற்போன அன்று முறையிட்டவர்களுக்கு அது யாருடையது என்பதில் குழப்பம் இருக்கவில்லை. அந்தத் தெளிவு திட்ட ஆவணங்களின் முதல் பக்கத்துக்கு வந்துசேர வேண்டும்.